‘எனக்கொரு கனவு உண்டு’: மார்ட்டின் லூதர் கிங் பேச்சின் அணிகளும் உத்திகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கறுப்பர்களின் சம உரிமைப் போராட்டத் தலைவர் கிங்கின் இந்தப் பேச்சைப் பற்றி ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களும் பேச்சுப்போட்டிக்குத் தயாராகிறவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. பேச்சிலிருந்து எடுத்த வரிகளை என் தமிழில் தந்திருக்கிறேன். ‘நீக்ரோ’ என்பது கிங் அன்று பயன்படுத்திய சொல். மேற்கோளில் மட்டும் அதை அப்படியே விட்டிருக்கிறேன்.

இது எப்போது, எங்கே பேசிய பேச்சு?

1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டனில் லிங்கன் நினைவகத்தின் படிக்கட்டில். சுமார் 17 நிமிடப் பேச்சு. எதிரே ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். பேரணிக்கு வைத்த பெயர் ‘வேலைக்கும் சுதந்திரத்துக்குமான வாஷிங்டன் பேரணி’. பெயரில் வேலைதான் முதலில் வருகிறது. மணிக்கு 2 டாலர் குறைந்தபட்சக் கூலி என்பது அன்றைய கோரிக்கைகளில் ஒன்று. தலைமை தாங்கியவர் தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப். ஓடியாடி ஏற்பாடுகளைச் செய்தவர் பயர்ட் ரஸ்டின்.

அந்த ஆண்டு எப்படிப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மே மாதம் அலபாமாவின் பர்மிங்காமில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் மீது போலீஸ் நாய்களை ஏவியது, தீயணைப்புக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சியடித்தது. ஜூனில் மிசிசிப்பியில் கறுப்பர் உரிமைப் போராளி மெட்கர் எவர்ஸைச் சொந்த வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். கென்னடி அரசின் குடிமை உரிமை மசோதா நாடாளுமன்றத்தில் கிடந்தது. வெயில், சங்கிலி, இருட்டு என்று கிங் பேசும்போது கேட்டவர்களுக்கு அது அலங்காரமாகப் பட்டிருக்காது.

கனவு பற்றிய பகுதி எழுதி வைத்த உரையிலேயே இல்லையாமே?

உண்மைதான். முந்தின இரவு உதவியாளர் வயட் வாக்கர், ‘அந்தக் கனவு சமாசாரம் வேண்டாம், தேய்ந்துபோய்விட்டது’ என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. கிங் அந்த வரிகளை 1962 நவம்பரில் வட கரோலினாவிலும், 1963 ஜூனில் டெட்ராயிட்டிலும் ஏற்கெனவே பேசியிருந்தார். பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்த தட்டச்சுப் பிரதியில் கனவு என்ற பேச்சே கிடையாது.

மேடையில் முக்கால் பங்குவரை காகிதத்தைப் பார்த்துத்தான் பேசினார். ஏறக்குறைய அந்த இடத்தில், சற்று முன்பு அதே மேடையில் பாடியிருந்த மஹாலியா ஜாக்சன் ‘அந்தக் கனவைப் பற்றிச் சொல்லு, மார்ட்டின்’ என்று குரல் கொடுத்ததாக அருகில் இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுத்தான் பேச்சை மாற்றினாரா என்பது வேறு விஷயம். கூட்டம் காட்டிய உற்சாகத்தில் திடீரென்று அது தனக்குத் தோன்றியதாகத்தான் கிங் பிறகு சொன்னார். ஒளிப்பதிவைப் பார்த்தால் மாற்றம் கண்ணுக்கே தெரியும். அதுவரை குனிந்து குனிந்து நிமிர்ந்த தலை, அப்புறம் காகிதத்தின் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை.

எனவே இதை ஒரே நெசவாக நினைத்து அலசக்கூடாது. முதல் பகுதி எழுத்து, இரண்டாவது பகுதி பிரசங்கம். இரண்டிலும் உவமை, உருவகம் வேலை செய்யும் விதமே வேறு.

தொடக்கத்தில் நேராக ‘நூறு ஆண்டுகளுக்கு முன்’ என்று சொல்லாமல் ஏன் சுற்றி வளைக்கிறார்?

அவர் சொன்னது ‘ஐந்து இருபது ஆண்டுகளுக்கு முன்பு’ என்ற மாதிரியான பழைய எண்ணுமுறை. லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை ‘நான்கு இருபதும் ஏழும்’ என்று தொடங்கும். அமெரிக்கப் பள்ளிகளில் மனப்பாடம் செய்யும் வரி அது. அதே எண்ணுமுறையில் கிங் தொடங்கியதும், முதுகுக்குப் பின்னால் கல்லாக உட்கார்ந்திருக்கும் லிங்கனும் மேடையில் ஒரு பேச்சாளர் ஆகிவிடுகிறார். 1863 ஜனவரி 1 அன்று அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர் அவர். ‘யாருடைய நிழலில் நிற்கிறோமோ அந்த மாமனிதர்’ என்கிறார் கிங். ஊர் பேர் சொல்லத் தேவையே இல்லை, சிலை அங்கேயே இருக்கிறது.

எல்லோரும் கனவைத்தானே சொல்கிறார்கள். அந்த ‘செக்’ உவமைக்கு அவ்வளவு முக்கியத்துவம் உண்டா?

என்னைக் கேட்டால் பேச்சின் முதுகெலும்பே அதுதான். அதை விட்டுவிட்டு எழுதுகிற எந்த அலசலும் பாதி அலசல்.

கிங் சொல்வது சுருக்கமாக இது: நாங்கள் தலைநகரத்துக்கு ஒரு செக்கை மாற்ற வந்திருக்கிறோம். இந்தக் குடியரசை உருவாக்கியவர்கள் அரசியல் சட்டத்தையும் சுதந்திரப் பிரகடனத்தையும் எழுதியபோது ஒரு புரோநோட்டில் கையெழுத்துப் போட்டார்கள். ஒவ்வொரு அமெரிக்கரும் அதற்கு வாரிசு. கறுப்பர்கள் விஷயத்தில் அமெரிக்கா கடனைக் கட்டவில்லை. அவர்களுக்குக் கொடுத்தது செல்லாத செக், ‘கணக்கில் பணம் போதவில்லை’ என்று முத்திரை விழுந்து திரும்பிவந்த செக். ஆனால் நீதி என்ற வங்கி திவாலாகிவிட்டது என்று நாங்கள் நம்ப மறுக்கிறோம்.

புரோநோட்டு, கையெழுத்து, வாரிசு, கடன் தவறுதல், திரும்பிய செக், வங்கி, பெட்டகம் என்று ஒரு பொருளின் எல்லா உறுப்புகளையும் எடுத்து உருவகம் செய்கிறார். நம் அணி இலக்கணத்தில் இதை முற்றுருவகம் என்று சொல்லலாம். பெயர் வைப்பதோடு நின்றுவிட வேண்டாம், அது என்ன காரியம் செய்கிறது என்று பாருங்கள். உரிமை கேட்பவரைப் பிச்சை கேட்பவராகக் காட்டுவது அதிகாரத்தின் வழக்கம். இங்கே கேட்கிறவர் கடன் கொடுத்தவர் இடத்தில் நிற்கிறார், கூனிக் குறுக வேண்டியது கடன்பட்டவர். ‘கேட்டவுடன்’ சுதந்திரத்தின் செல்வத்தைத் தர வேண்டிய செக் என்று ஒரு சொல்லையும் சேர்க்கிறார். டிமாண்டு புரோநோட்டு எழுதிப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் புரியும். தவணை கிடையாது, கேட்ட நேரத்தில் கொடுத்தாக வேண்டும். பொறுத்திருங்கள் என்று சொல்லிவந்தவர்களுக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

இன்னொன்று. அமெரிக்காவை அவர் மோசடிக்காரன் என்று ஒதுக்கிவிடவில்லை. வங்கியில் பணம் இருக்கிறது, கொடுக்கத்தான் மனமில்லை என்கிறார். இதனால் நாட்டின் மூல ஆவணங்கள் அவர் பக்கத்துச் சாட்சி ஆகிவிடுகின்றன.

கூர்ந்து பார்த்தால் ஒரு சின்னப் பிசிறு உண்டு. புரோநோட்டும் செக்கும் வேறு வேறு பத்திரங்கள். மாற்ற வந்தது செக் என்று தொடங்கி, கையெழுத்தானது புரோநோட்டு என்று போய், மறுபடி செக்குக்கு வருகிறார். வக்கீல் யாராவது உட்கார்ந்து படித்தால் முகம் சுளிப்பார். காதால் கேட்கும்போது ஒருவருக்கும் உறுத்தாது.

இந்தப் பகுதியின் வரைவில் கிங்கின் வழக்கறிஞர் கிளாரன்ஸ் ஜோன்ஸுக்குப் பங்கு உண்டு. பர்மிங்காமில் சிறைப்பட்டவர்களை ஜாமீனில் எடுக்க அந்த வசந்தத்தில் நியூயார்க் ஆளுநர் ராக்ஃபெல்லர் வழியாக 1,00,000 டாலர் கிடைத்தது என்றும், நியூயார்க் வங்கியொன்றில் அதற்காகத் தான் ஒரு புரோநோட்டில் கையெழுத்துப் போட்டதாகவும் ஜோன்ஸ் சொல்லியிருக்கிறார்.

ஒரே தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரே, அதற்குப் பெயர் என்ன? சலிப்புத் தட்டாதா?

வந்த சொல்லே அதே பொருளில் மீண்டும் வருவது நமக்குச் சொற்பொருள் பின்வருநிலையணி. ‘செல்வத்துட் செல்வம் செவிச்செல்வம்’ குறளைப் பள்ளியில் இதற்குத்தான் எடுத்துக்காட்டுவார்கள். கிங்கிடம் அந்தச் சொல் எப்போதும் வாக்கியத்தின் தலையில் நிற்கும், அதுதான் வித்தியாசம்.

சலிக்காததற்குக் காரணத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ‘நூறு ஆண்டு கழித்தும்’ என்பது நான்கு முறை வருகிறது. முதல் முறை உருவகமே இல்லை: ‘நூறு ஆண்டு கழித்தும் நீக்ரோவுக்கு விடுதலை இல்லை.’ மொட்டையான ஒரு செய்தி. இரண்டாவதில் கைவிலங்கும் சங்கிலியும் வருகின்றன, அதாவது அடிமைக் காலத்துப் பொருள்களே இன்னும் கையில் கிடக்கின்றன. மூன்றாவதில் செழிப்புக் கடலுக்கு நடுவே வறுமை என்ற தனித்தீவு. நான்காவதில் சொந்த மண்ணிலேயே நாடு கடத்தப்பட்டவன். தலைச்சொல் அசையாமல் நிற்கிறது, பின்னால் வரும் படம் மட்டும் உடலிலிருந்து நிலத்துக்கும், நிலத்திலிருந்து நாட்டுக்குமாக விரிந்துகொண்டே போகிறது. கேட்பவர் பாதி வாக்கியத்தை முன்கூட்டியே பிடித்துவிடுவார், மீதிப் பாதிக்குக் காத்திருப்பார். கறுப்பர் தேவாலயங்களில் பிரசங்கியார் ஒரு வரி சொல்ல, சபை பதில் குரல் கொடுக்கும். அந்தப் பழக்கத்திலிருந்து வந்த உத்தி இது.

‘இதுதான் நேரம்’, ‘எனக்கொரு கனவு உண்டு’, ‘சுதந்திரம் ஒலிக்கட்டும்’ எல்லாமே இதே வார்ப்பு. எனக்கு மிகவும் பிடித்தது ‘திருப்தி’. ‘உங்களுக்கு எப்போதுதான் திருப்தி வரும்?’ என்பது எதிராளிகள் எரிச்சலோடு கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. கிங் அதையே பிடுங்கிப் பல்லவி ஆக்கிக்கொள்கிறார். பயணக் களைப்பில் கனத்த எங்கள் உடல்களுக்கு நெடுஞ்சாலை விடுதிகளில் இடம் கிடைக்காதவரை திருப்தி இல்லை. ‘வெள்ளையருக்கு மட்டும்’ பலகைகள் எங்கள் பிள்ளைகளின் மானத்தைப் பறிக்கும்வரை திருப்தி இல்லை. மிசிசிப்பியில் ஒருவர் ஓட்டுப் போட முடியாமலும், நியூயார்க்கில் இன்னொருவர் ஓட்டுப் போட எதுவுமில்லை என்று நினைத்தும் இருக்கும்வரை திருப்தி இல்லை. மற்ற இடங்களில் பள்ளத்தாக்கும் பாறையுமாகப் போகும் பேச்சு, இங்கேதான் தெருவுக்கும் லாட்ஜுக்கும் இறங்கி வருகிறது.

பைபிள் எங்கெங்கே வருகிறது?

எண்ணி முடியாது, முக்கியமானவை மட்டும். திருப்திப் பகுதி முடியும் இடத்தில் ‘நீதி வெள்ளம்போலப் புரண்டு வரும்வரை’ என்பது ஆமோஸ் 5:24. ‘பள்ளமெல்லாம் உயர்த்தப்படும், மலையெல்லாம் தாழ்த்தப்படும்’ என்பது ஏசாயா 40. விரக்தி என்ற மலையிலிருந்து நம்பிக்கை என்ற கல்லை வெட்டி எடுப்போம் என்பதில் தானியேல் புத்தகத்தின் சாயல் இருக்கிறது. 2011-ல் வாஷிங்டனில் திறந்த கிங் நினைவுச் சின்னத்தை அந்த வரியை வைத்தே செதுக்கியிருக்கிறார்கள்.

ஆமோஸ் சும்மா வந்தவரல்ல. ஏழைகளை நசுக்கிக்கொண்டே பண்டிகை கொண்டாடுகிறவர்களைப் பார்த்து, உங்கள் பாட்டும் பலியும் எனக்கு வேண்டாம், நீதிதான் வேண்டும் என்று கடவுள் சொல்வதாக வரும் இடம் அது. கிங் அந்த முன்கதையைச் சொல்லவில்லை. வேதம் படித்த தென்மாநில வெள்ளையருக்கு அதைச் சொல்லவும் வேண்டியதில்லை.

கோடை, இலையுதிர்காலம் என்று வருவது என்ன?

கறுப்பர்களின் நியாயமான அதிருப்தி என்ற புழுக்கமான கோடை, சுதந்திரமும் சமத்துவமும் என்ற இலையுதிர்காலம் வந்து தெம்பூட்டும்வரை போகாது என்கிறார். ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்ட் நாடகம் ‘நம் அதிருப்தியின் குளிர்காலம்’ என்று தொடங்கும். அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார். இலையுதிர்காலம் என்றதும் முதுமை, அழிவு என்று எழுதிவிடாதீர்கள். தென்மாநிலப் புழுக்கத்துக்குப் பிறகு அது மூச்சு விடும் காலம்.

எல்லா உருவகமும் இவ்வளவு நன்றாக இருக்கிறதா?

இல்லை. ‘இன அநீதியின் புதைமணலிலிருந்து சகோதரத்துவம் என்ற உறுதியான பாறைக்கு’, ‘பிரிவினையின் இருண்ட பள்ளத்தாக்கிலிருந்து வெயில் படும் பாதைக்கு’ போன்றவை ஞாயிறு பள்ளியில் கேட்டுக் கேட்டுப் பழகியவை. தாளில் அடுத்தடுத்துப் படித்தால் ஒன்றையொன்று இடிக்கும். அதே பகுதியில் ‘படிப்படியாக என்ற மயக்க மருந்து’ என்று ஒன்று வரும், அது கத்தி. மெதுவாகப் போகலாம் என்ற மிதவாதிகளின் அறிவுரையை நோய்க்கு மருந்தாக இல்லாமல், நோயாளியை அடக்கிவைக்கும் மருந்தாகக் காட்டிவிடுகிறது.

கனவுப் பகுதியில் என்ன கவனிக்க வேண்டும்?

கனவு என்றாலும் அதில் வருபவை கையால் தொடக்கூடிய பொருள்கள். ஜார்ஜியாவின் செம்மண் குன்றுகள். அடிமைகளாக இருந்தவர்களின் பிள்ளைகளும் அடிமைகளை வைத்திருந்தவர்களின் பிள்ளைகளும் சேர்ந்து உட்காரும் ஒரு மேசை. 1960-லிருந்து மாணவர்கள் உணவகங்களில் வெள்ளையருக்கான இடத்தில் உட்கார்ந்து அடி வாங்கிக்கொண்டிருந்த நாட்டில், இந்தச் சமபந்திப் படம் அன்றைய செய்தியிலிருந்து எடுத்தது. அலபாமா பற்றிய வரியில் கறுப்புக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் கைகோக்கிறார்கள். அதற்கு முந்தின மூச்சில்தான் ‘தலையீடு, செல்லாமையாக்கல்’ என்ற சொற்கள் உதட்டில் வழியும் ஆளுநரைக் காட்டுகிறார். கூட்டாட்சிச் சட்டத்தை மாநிலம் மதிக்காமலிருக்கச் சொல்லிவந்த சட்டவாதங்கள் அவை. ஜார்ஜ் வாலஸ் என்று பெயர் சொல்லவில்லை, உதட்டை மட்டும் காட்டினார்.

ஓசையையும் கேளுங்கள். பிள்ளைகளைத் தோலின் நிறத்தால் மதிப்பிடாமல் குணத்தால் மதிப்பிடும் நாள் பற்றிய வரியில் கலர், கன்டென்ட், கேரக்டர் மூன்றும் ‘க’வில் மோனையாக விழுகின்றன. மேற்கோளாக எளிதில் நாக்கில் ஒட்டிக்கொண்டதற்கு அது ஒரு காரணம்.

அந்த வரியை இட ஒதுக்கீட்டுக்கு எதிராக மேற்கோள் காட்டுகிறார்களே?

அமெரிக்காவில் பல ஆண்டுகளாக நடக்கிறது. முந்தின பத்து நிமிடத்தை வெட்டிவிட்டால்தான் அப்படிக் காட்ட முடியும். வராத கடனைக் கேட்டு வந்தவர், கடன் இருக்கட்டும், இனி நிறத்தை மட்டும் மறந்துவிடுவோம் என்று சொல்வாரா? 1964-ல் வெளிவந்த தன் நூலில் ஈடுசெய்யும் சிறப்பு நடவடிக்கைகள் வேண்டும் என்று கிங் வெளிப்படையாகவே வாதிடுகிறார். அதற்கு அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று இந்தியா. 1959-ல் இங்கே வந்தபோது, தீண்டாமைக்கு ஆளானவர்களுக்குத் தரும் முன்னுரிமை பற்றி நேருவுடன் நடந்த உரையாடலை அதில் நினைவுகூர்கிறார்.

கடைசியில் மலைகளின் பட்டியல் எதற்கு?

பள்ளிகளில் பாடும் தேசபக்திப் பாட்டு ஒன்று ‘ஒவ்வொரு மலைச்சாரலிலிருந்தும் சுதந்திரம் ஒலிக்கட்டும்’ என்று முடியும். கிங் அதை எடுத்து நியூ ஹாம்ப்ஷயர், நியூயார்க், பென்சில்வேனியா, கொலராடோ, கலிஃபோர்னியா என்று போகிறார். இதுவரை வந்த பெயர்களில், உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட மாநிலம் ஒன்றுகூட இல்லை. பிறகு ‘அது மட்டுமல்ல’ என்று ஒரு திருப்பம். ஜார்ஜியாவின் ஸ்டோன் மவுன்டனிலிருந்தும் ஒலிக்கட்டும். 1915-ல் கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு மறுபடி உயிர்பெற்ற மலை அது, கிங்கின் சொந்த ஊரான அட்லாண்டாவுக்குப் பக்கம். அப்புறம் டென்னசி. கடைசியில் மிசிசிப்பியின் ஒவ்வொரு குன்றும், எலி தோண்டிய மண்மேடும்கூட. அந்த மாநிலத்தில் மலை என்று சொல்லிக்கொள்ள உயரமாக எதுவும் கிடையாது. எவ்வளவு சின்ன மேடானாலும் விடமாட்டோம் என்ற குறும்பும் பிடிவாதமும் அதில் சேர்ந்தே இருக்கின்றன.

இந்த முடிவு இன்னொருவருடையது என்கிறார்களே?

ஆர்ச்சிபால்ட் கேரி என்ற சிகாகோ போதகர் 1952 குடியரசுக் கட்சி மாநாட்டில் இதே பாட்டையும் மலைப் பட்டியலையும் வைத்துப் பேச்சை முடித்தார். ஒற்றுமை தற்செயலாக வந்ததாகத் தெரியவில்லை. கறுப்பர் பிரசங்க மரபில் நல்ல வரிகள் பொதுச் சொத்து, ஒருவர் எடுத்ததை அடுத்தவர் வளர்ப்பார். கேரியின் பட்டியலைவிடக் கிங்கினுடையது ஏன் நெஞ்சில் நிற்கிறது என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

அன்றைக்கு இந்தப் பேச்சை ஏற்காதவர்கள் இருந்தார்களா?

இருந்தார்கள். கறுப்பர் தேசியவாதத் தலைவர் மால்கம் எக்ஸ் பேரணியையே ‘வாஷிங்டன் கேலிக்கூத்து’ என்றார். மேடைக்குள்ளேயும் இழுபறி இருந்தது. 23 வயது மாணவர் தலைவர் ஜான் லூயிஸ் தன் உரையில், உள்நாட்டுப் போரில் ஜெனரல் ஷெர்மன் போனதுபோலத் தெற்கின் நடுவே அணிவகுத்துப் போவோம் என்று எழுதியிருந்தார். ஷெர்மன் 1864-ல் ஜார்ஜியாவை எரித்துக்கொண்டே போனவர். பேராயர் ஒருவர் மேடைக்கு வர மறுக்கும் அளவுக்கு விஷயம் முற்றி, அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இப்படிப்பட்ட வரிகளுக்காக நினைவகத்தில் கடைசி நிமிடம்வரை பேச்சுவார்த்தை நடந்தது.

தேர்வில் எப்படி எழுதினால் மதிப்பெண் வரும்?

அணிகளின் பெயர்ப் பட்டியலோடு நிற்காதீர்கள். இரண்டே இடங்களை எடுங்கள், செக் ஒன்று, மலைப் பட்டியல் ஒன்று. ஒவ்வொன்றிலும் உருவகத்தை எடுத்துவிட்டு அதே கருத்தைச் சாதாரணமாக எழுதிப் பாருங்கள். எது காணாமல் போகிறதோ அதை விளக்கினால் அதுவே விடை. யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள்: முன்னால் நின்ற கூட்டம், தொலைக்காட்சியில் பார்த்த வெள்ளையர், மசோதாவை வைத்துக்கொண்டிருந்த நாடாளுமன்றம்.

எந்தப் பிரதியைப் படிப்பது?

முதலில் ஒலிப்பதிவைக் கேளுங்கள், பிறகு அச்சுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை. பேச்சின் பதிப்புரிமை கிங் குடும்பத்தாரிடம் இருக்கிறது, சிபிஎஸ் நிறுவனத்தோடு வழக்கும் நடந்திருக்கிறது. அதனால் முழு உரையையும் உங்கள் இதழிலோ தளத்திலோ போடுவதற்கு முன் அனுமதியைப் பற்றி யோசியுங்கள். கேட்டு முடித்ததும், அவர் சுடப்படுவதற்கு முந்தின நாள், 1968 ஏப்ரல் 3 அன்று, மெம்பிஸில் குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்காகப் பேசியதையும் கேளுங்கள். அங்கேயும் மலை வருகிறது, அதன் உச்சியிலிருந்து பார்த்தேன் என்கிறார்.